கரகரப்பைத் துடைக்காத பாட்டு: ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ஆடி மாதம் வந்தால் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முந்தைய நாளே மைக் செட்காரர் வந்து கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் பாட்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டுதான். ஆனால் சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்திருப்பதால் குரலின் ஓரமெல்லாம் பிய்ந்து, ‘அம்மா’ என்பது ‘அர்ர்மா’ என்று வந்து விழும். தெருவிலிருக்கும் பெரியவர் யாராவது போய்ச் சொன்னால், மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரின் திருகை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புவார். குரல் தெளிந்துவிடும்.

அந்தத் திருகை இடப்பக்கம் திருப்ப மறுத்தவர்களின் இசைதான் ஆல்டர்நேட்டிவ் ராக் என்று என் அக்கா மகனிடம் சொன்னேன். முழு உண்மை இல்லை. ஆனால் புதிதாகக் கேட்க வருகிறவருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டுமல்லவா?

அவன் கல்லூரியில் முதலாம் ஆண்டு. கூடப் படிக்கும் பையன்கள் பேசிக்கொள்வதைப் பார்த்து, கைப்பேசியில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலை வரிசையாகக் கேட்டிருக்கிறான். நான்காவது பாட்டில் தலைவலி வந்துவிட்டது. “மாமா, இது எதற்கு மாற்று? நன்றாக இருக்கும் பாட்டுக்கு மாற்றா?” என்று கேட்டான். கேலிதான் என்றாலும் சரியான கேள்வி.

1980-களில் அமெரிக்காவின் பெரிய வானொலி நிலையங்கள் போட்ட ராக் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது. முடியைப் பெரிதாகச் சிலுப்பிக்கொண்ட பாடகர்கள், மேடை நிறையப் புகை, பாட்டின் நடுவே விரல் வித்தை காட்டும் நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனம். அதே நாட்டில் பண்பலையின் கீழ்க்கோடியில், 88-க்கும் 92 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில், வணிக நோக்கமில்லாத நிலையங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கல்லூரி வானொலிகள் பலவும் அந்த மூலையில்தான் இருந்தன. பாட்டைத் தேர்ந்தெடுப்பது மாணவர்கள். விற்குமா விற்காதா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. சின்னச் சின்ன நிறுவனங்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளை அவர்கள் போட்டார்கள். அப்படி வளர்ந்த இசைக்கு முதலில் ‘கல்லூரி ராக்’ என்றே பெயர். பிரிட்டனில் இதே சரக்கை ‘இண்டி’ என்றார்கள். பெரிய முதலாளிகளைச் சாராத (‘இண்டிபெண்டன்ட்’) நிறுவனங்களின் வெளியீடு என்பதால் அந்தப் பெயர். அங்கே 1980-லேயே இதற்குத் தனி விற்பனைப் பட்டியல் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1988 செப்டம்பரில் பில்போர்ட் பத்திரிகை ‘மாடர்ன் ராக்’ என்று ஒரு பட்டியலைத் தொடங்கியது.

ஆக, ஆல்டர்நேட்டிவ் என்பது பாட்டு வந்த வழிக்கு வைத்த பெயர். பாட்டின் ஓசைக்கு வைத்த பெயராக அதை எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். மாண்டலின் வாசிக்கும் அமைதியான பாட்டும் இரும்புப் பட்டறைக்குள் நிற்பது போன்ற பாட்டும் ஒரே பட்டியலில் இருப்பது அதனால்தான். எனக்குத் தெரிந்து இவற்றுக்குள் பொதுவாக ஓடும் குணம் ஒன்று உண்டு. மற்ற இசைக்காரர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் துடைத்தெறியும் கரகரப்பையும் முணுமுணுப்பையும் கைத்தவறுகளையும் இவர்கள் பாட்டிலேயே விட்டுவைப்பார்கள்.

முதலில் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் இருக்கும்வரை ஒலியலை மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து போகும். எல்லைக்கு மேல் தள்ளினால் மேட்டின் உச்சியைக் கத்தி வைத்துச் சீவியது போல் அலை தட்டையாகிவிடும். சீவிய அலையில், யாரும் பாடாத மேல்சுரங்கள் புதிதாக முளைக்கும். காதுக்கு அது கரகரவென்று படும். கூழ் ஊற்றும் நாளில் நடப்பது இதுதான். கிட்டார்க்காரர் இதையே ஒரு சின்னப் பெட்டியைக் காலால் மிதித்து, வேண்டிய நேரத்தில் வரவழைத்துக்கொள்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கரகரப்போடு நான்கைந்து சுரங்களைச் சேர்த்து அடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும். அதனால் இவர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று ஆதார சுரம், மற்றது அதன் ஐந்தாவது. நம் கணக்கில் சட்ஜமும் பஞ்சமமும். மார்கழியில் சபாவில் சுருதிப் பெட்டி தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கிறதே, அதே ச-ப. அதைக் கிழிந்த ஸ்பீக்கரில் போட்டால் ராக்காரர்களின் ‘பவர் கார்டு’. கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்த்து அடிக்கும் சுரங்கள். காந்தாரம் இல்லாததால் அது மகிழ்ச்சி என்றும் சொல்லாது, துக்கம் என்றும் சொல்லாது. அந்த முடிவைப் பாடகரின் குரலுக்கு விட்டுவிடும்.

அடுத்து, பாட்டின் அமைப்பு. நம் சினிமாப் பாட்டு பல்லவியில் தொடங்கும். முதல் அரை நிமிடத்துக்குள் பாட்டின் முகத்தைக் காட்டிவிடும். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் சரணம் மாதிரியான ஒன்றுதான் முதலில் வரும், அதுவும் தாழ்ந்த குரலில். பல்லவிக்குக் காத்திருக்க வேண்டும். வரும்போது அது கதவை உடைத்துக்கொண்டு வரும். அக்கா மகன் ஒவ்வொரு பாட்டிலும் முதல் நாற்பது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறான். பந்தியில் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு எழுந்து வந்தவன் கதைதான்.

நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் வந்தது. தொடக்கத்தில் கிட்டார் மட்டும், சுத்தமான ஒலியில், நான்கு கார்டுகள். பிறகு டிரம்ஸ் இடித்துக்கொண்டு நுழைய, அதே நான்கு கார்டுகள் கரகரப்போடு திரும்பி வருகின்றன. பாட்டு ஏறப் போகிறது என்று நினைக்கும்போது எல்லாம் அடங்கிவிடும். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் நடந்துகொண்டே இருக்க, கிட்டார் இரண்டே இரண்டு சுரங்களைத் தண்ணீர்ச் சொட்டு போல விட்டு விட்டுப் போடும். அதன்மேல் கர்ட் கோபேன் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போலப் பாடுவார். அப்புறம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றிக்கொண்டே போய், வெடிப்பு. நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள். வித்தை எதுவும் இருக்காது. சரணத்தில் அவர் பாடிய அதே மெட்டைக் கிட்டார் அப்படியே திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். எண்பதுகளின் விரல் வித்தைக்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பாட்டு இருந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. மூன்று ஆண்டுக்கு முன் அதே குழு தன் முதல் ஆல்பத்தை அறுநூறு டாலர் சொச்சத்தில் பதிவு செய்திருந்தது. முதலிடத்துக்கு வந்த பிறகும் இதை ‘மாற்று’ என்று அழைக்கலாமா என்ற சண்டை அன்று தொடங்கியது. இன்னும் ஓயவில்லை. அதில் நமக்கு வேலை இல்லை.

அடக்கமாகத் தொடங்கி வெடிக்கும் இந்த முறை நிர்வாணாவின் கண்டுபிடிப்பும் இல்லை. பிக்சீஸ் குழுவைக் காப்பியடிக்கப் பார்த்தேன் என்று கோபேனே 1994-இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். பிக்சீஸ் பாஸ்டன் நகரத்துக்காரர்கள். அவர்களுடைய ‘வேர் இஸ் மை மைண்ட்’ 1988-இல் வந்தது. அதில் பின்னால் பேய் ஊளையிடுவது போல ஒரு பெண் குரல் வரும், கிம் டீல் உடையது. இயந்திரத்தால் எதிரொலி சேர்க்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினிக்குப் பிடிக்காது. குளியலறையில் பாட வைத்துப் பதிவு செய்தார். குளியலறையில் பாடினால் நம் குரலும் நன்றாகத்தான் இருக்கும், நம்மைப் பதிவு செய்ய ஆளில்லை.

என் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மின்ட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பட்டியல் எழுதுவது சினிமாப் பாட்டுக்குத்தான் வழக்கம். நான் ஆங்கிலப் பாட்டு கேட்டதும், கடைக்காரர் பர்மா பஜாரில் வாங்கிய சி.டி.க்களை மேசையில் பரப்பி, “நீயே எடுத்துக்கொள்” என்றார். ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ பாட்டைக் கடைசியாக எழுதினேன். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். கடைசிப் பாட்டுக்கு மிச்சமிருந்தது சுமார் ஒரு நிமிடம். அவர் அதையும் விடவில்லை, பதிந்துவிட்டார்.

மெதுவாக, அழகாக ஒரு கிட்டார். துவண்டுபோன ஒரு குரல். என்ன மாதிரியான பாட்டு என்று மனது கரையும் நேரத்தில் ‘க்ரக்... க்ரக்’ என்று ஒரு சத்தம். உடனே டேப் முடிந்து பொத்தான் எகிறிவிடும். கேசட் சிக்கிக்கொண்டது என்றுதான் ஆறேழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன். டேப்பைச் சுத்தம் செய்யும் திரவத்தில் பஞ்சை நனைத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தேன். பிற்பாடு நண்பன் வீட்டில் முழுப் பாட்டையும் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தச் சத்தம்தான் பாட்டின் உயிர்.

கிட்டார்க்காரர் ஜானி கிரீன்வுட்டுக்கு அந்தப் பாட்டின் சாதுத்தனம் பிடிக்கவில்லை. கெடுக்கிற மாதிரி, கம்பிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓங்கி அறைந்தார். குழுவினர் அதை நீக்கவில்லை. 1992-இல் முதலில் வெளிவந்தபோது பாட்டு பெரிதாக விலைபோகவில்லை. இஸ்ரேலிலும் பிறகு அமெரிக்காவிலும் பிடித்துக்கொண்டது. மறுபடி 1993-இல் வெளியிட்டபோது குழுவின் சொந்த நாடான பிரிட்டனிலும் ஏழாவது இடம்வரை போனது. இதே கிரீன்வுட் பிற்காலத்தில் ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டைக்கு வந்து ராஜஸ்தான் இசைக்காரர்களோடு உட்கார்ந்து வாசித்து, 2015-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார் என்பது தனிக் கதை.

கைத்தவறைக் காப்பாற்றி வைத்ததற்கு இன்னொரு பாட்டு, ‘கேனன்பால்’. பிக்சீஸில் இருந்த கிம் டீலின் இன்னொரு குழுவான தி பிரீடர்ஸ் 1993-இல் வெளியிட்டது. எடுத்த எடுப்பில் நம் மைக் செட்காரர் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்வது போலத்தான் தொடங்கும். பிறகு பேஸ் கிட்டார் தனியாக வரும், ஒரு சுரம் அரைப்படி இறங்கி. மற்றவர்கள் சேர்ந்ததும் சரியான இடத்துக்கு ஏறிக்கொள்ளும். ஜோசஃபின் விக்ஸ் தவறிப்போய் வாசித்தது அது. எல்லோருக்கும் பிடித்துப்போனதால் அப்படியே வைத்துவிட்டார்கள். சுருதி பிசகினால் மேடையிலிருந்து இறக்கிவிடும் ஊரில் வளர்ந்த எனக்கு, இதைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

“ஆங்கிலம் புரியவில்லையே மாமா” என்பது அக்கா மகனின் அடுத்த முறையீடு. புரியாமல் போனது அவன் குற்றம் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980-இல் உருவான ஆர்.இ.எம். குழுவின் முதல் ஆல்பம் 1983-இல் வந்தது. அதன் பெயரே ‘மர்மர்’, அதாவது முணுமுணுப்பு. பாடகர் மைக்கேல் ஸ்டைப் அதில் சொற்களை மென்று விழுங்குவார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே வரிகளைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். நம் பாட்டில் குரல் ஊர்வலத்தில் அம்மன் போல மேலே உட்கார்ந்து வரும். இங்கே குரலும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வரும் ஓர் ஆள். சொல்லைத் துரத்திக்கொண்டு ஓடாமல், குரலையும் ஒரு வாத்தியமாகக் கேட்டுப் பழகினால் பாதிச் சிரமம் குறையும்.

அதே குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ 1991-இல் வந்தது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. கரகரப்பு கிடையாது. பாட்டைத் தூக்கி நடப்பது மாண்டலின். கிட்டார்க்காரர் பீட்டர் பக் அப்போதுதான் அதை வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தார். தலைப்பைப் பார்த்து மதத்தைப் பற்றிய பாட்டு என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதியில் ‘பொறுமை எல்லை கடந்துவிட்டது’ என்பதற்குச் சொல்லும் வழக்குச் சொல் அது. இதன் காணொளியை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங்.

அடுத்ததாக அவனுக்குப் போட்டது, அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துக் கிரான்பெரீஸ் குழு 1994-இல் வெளியிட்ட ‘ஸோம்பி’. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவனுக்கு மூன்று வயது, மற்றவனுக்குப் பன்னிரண்டு. அந்தக் கோபத்தில் டொலோரஸ் ஓ’ரியோர்டன் எழுதிய பாட்டு. பல்லவியில் அவர் குரல் தொண்டையிலேயே உடையும். அதைச் சரிசெய்ய அவர் முயல்வதே இல்லை. அயர்லாந்திலும் சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அவர் அதை நினைத்துத்தான் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காசிமேட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த என் அக்கா, அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, “யாருடா அந்தப் பெண், யாரைப் பறிகொடுத்தாள்?” என்று கேட்டார். ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது.

வடசென்னையில் இந்த இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “நம் கானாதான் நமக்கு ஆல்டர்நேட்டிவ்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒற்றுமை இருக்கிறது என்பது உண்மை. சபாவும் வானொலியும் கண்டுகொள்ளாத இடத்தில், சாவு வீட்டு வாசலில், டோலக்கும் சட்டியும் கைத்தட்டுமாக விடிய விடிய வளர்ந்தது கானா. பிறகு கேசட்டில் ஏறி, தேவாவின் இசையில் தொண்ணூறுகளின் சினிமாவுக்குள்ளும் புகுந்தது. சினிமாவுக்குப் போனது நல்லதா கெட்டதா என்ற சண்டை இங்கும் நடந்தது. ஆனால் கல்லூரி வானொலிக்காரர்கள் பெரும்பாலும் பெரிய சாலை எதிரே இருந்தும் சந்தில் நடக்க விரும்பியவர்கள். கானா பாடியவர்களுக்குப் பெரிய சாலையில் நடக்க அனுமதியே இருந்ததில்லை. விரும்பி ஒதுங்கியவரையும் ஒதுக்கப்பட்டவரையும் ஒரே பெயரால் அழைப்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டும் ஒரே மேடையில் ஏறியதும் உண்டு. 2017-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானா பாடகர்கள், பறை, சட்டி ஆகியவற்றோடு ராக் கிட்டாரும் டிரம்ஸும் நின்றன. குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பது ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற அயோத்திதாசரின் சொல். கரகரப்பான கிட்டாரின் மேல் சட்டி விழும் ஓசையைக் கேட்டால், ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றி நான் மேலே சொன்ன பலவும் விளக்கம் இல்லாமலே புரியும். அக்கா மகனுக்கு அப்படித்தான் புரிந்தது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். சியாட்டில் பக்கத்துக் கனத்த கிட்டாருக்கு ‘கிரஞ்ச்’ என்று பெயர். நிர்வாணாவோடு பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன். மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ், சோகத்தைக் கிண்டலாகச் சொல்வதில் கைதேர்ந்தவர்கள், 1987-இல் பிரிந்துவிட்டார்கள். தி க்யூர் குழுவின் ‘ஜஸ்ட் லைக் ஹெவன்’ மழை நாளுக்கு உகந்தது. ஒயாசிஸ், ப்ளர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குழுக்களுக்குமான தகராறில் எனக்கு அக்கறை வந்ததில்லை. ஒயாசிஸின் ‘வொண்டர்வால்’ மட்டும் கிட்டார் வாங்கிய எல்லாப் பையன்களும் வாசித்துத் தேய்த்த பாட்டு, அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலேயே ஸ்க்ராட், தி எஃப்16ஸ் என்று ஆங்கிலத்தில் பாடும் குழுக்கள் உண்டு.

தொடக்கத்தில் தொடக் கூடாத ஒன்று, மை பிளடி வாலண்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’. 1991-இல் வந்த மகத்தான ஆல்பம்தான். கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எது கிட்டார், எது குரல் என்று தெரியாத புகைமூட்டம். காது பழகாமல் கேட்டால், மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அக்கா மகனின் தலைவலிக்குக் காரணம் இதுதான் என்று பிறகு அவன் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிட்டார் வரவே வராது, வெறும் கரகரப்பு மட்டும் மிஞ்சும். காதொலிப்பான் சாதாரணமானதாக இருந்தாலும் போதும். ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும், இரண்டாம் முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை சும்மா இருங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் இறங்குவதற்குள் இரண்டு பாட்டு நன்றாகக் கேட்டுவிடலாம்.

இந்த ஆடியில், கூழுக்கு முந்தைய நாள் பிற்பகல், மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுச் சோதிப்பதற்கு ஏதாவது ஒரு பாட்டு தேடிக்கொண்டிருந்தார். அக்கா மகன் தன் கைப்பேசியை நீட்டினான். நிர்வாணா. சுத்தமான நான்கு கார்டுகளுக்கு அவர் தலையைக் கூட ஆட்டினார். டிரம்ஸ் இடித்துக் கிட்டார் கரகரத்ததும் கை தன்னால் திருகுக்குப் போனது. இடப்பக்கம் திருப்பினார். கரகரப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சத்தம் குறைந்ததே தவிர, கரகரப்பு அப்படியே இருந்தது. எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பின்னைப் பிடுங்கி, வேட்டி முனையில் நன்றாகத் துடைத்து, மறுபடியும் செருகினார்.